தொம்மலூருக்கு வந்த ஸ்டீம்போட்

ஈப்போ, மலாயா
2-1-1961

அன்புள்ள அக்கா பாஞ்சாலிக்கு,

தங்கை தனக்கோடி எழுதுவது. இருபத்திரண்டு வருஷம் கழித்து எழுதுகிறேன், கை ஓடவில்லை. நான் நலம். பாகீரதிக்குக் கல்யாணமாகி சிங்கப்பூரில் இருக்கிறாள். அவள் அப்பா காலமாகி வருகிற மாசியோடு ஒரு வருஷம். லிங்கராஜபுரம் நாணு அண்ணன் ஊருக்கு வந்தபோது உனக்குச் சொல்லியிருப்பார். ரயில்வேக்காரர்கள் ஆகஸ்டுக்குள் இந்த வீட்டைக் காலி பண்ணச் சொல்லிவிட்டார்கள். அப்புறம் எங்கே இருப்பது என்று இன்னும் முடிவாகவில்லை.

தை முடிவதற்குள் ஸ்டீம்போட் மெட்ராஸ் வந்து சேரும். நாணு கூட வருவார். முனிராஜைத் துறைமுகத்துக்கு அனுப்பினால் உபகாரமாக இருக்கும். கனம் அதிகம், நாணு ஒருவரால் முடியாது.

வேறு என்ன எழுதுவதென்று தெரியவில்லை. காகிதமும் சின்னது.

தனக்கோடி


தொம்மலூர், பெங்களூர்
6-2-1961

தனக்கோடிக்கு,

பாஞ்சாலி எழுதறது. அன்புள்ளன்னு போடலை. போட்டா பொய்யாயிடும்.

உன் கடிதாசியை நாலு தரம் படிச்சேன். ஸ்டீம்போட் வந்து சேரும், நாணு கூட வருவார். இதுக்கு என்னடி அர்த்தம்? ஸ்டீம்போட்டுன்னா நீராவிக் கப்பல். நாணு கூட வருவார்னா நீ வரே, துணைக்கு அவனும் வரான். தெருவில யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்லுவாங்க. கேட்டேன், சொன்னாங்க. கனம் அதிகம்னு வேற எழுதியிருந்தே. ஈப்போ சோறு உன்னை அவ்வளவு பெருக்க வெச்சிடிச்சான்னு நினைச்சிக்கிட்டேன்.

முனிராஜ் ஃபேக்டரியில லீவு சொல்லிட்டுக் கிளம்பினான். நானும் போனேன். அவனுக்கு உன் முகம் தெரியாதே, அடையாளம் காட்ட ஆள் வேணுமில்ல? அதுக்காகத்தான். வேற ஒண்ணும் இல்லை.

கடலை அன்னைக்குத்தான் பார்த்தேன். நம்ம ஏரி நிறைஞ்சாலே எவ்வளவு தண்ணின்னு வாயைப் பொளக்கிறவ நான். இது முடியவே இல்லை. கண்ணு போற வரைக்கும் போயி, அதுக்கு அப்பாலேயும் இருக்கும் போல இருந்தது. கைக்குழந்தையைத் தூக்கிக்கிட்டு இது மேலயா போனான்னு நின்னுட்டேன். அதை விடு.

கப்பல் ஒரு தெருவை நிமித்தி வெச்ச மாதிரி வந்தது. ஜனம் இறங்குது, இறங்குது, ஒவ்வொரு பொம்பளை முகத்தையும் பார்த்தேன். இருபத்தஞ்சு வயசு முகம் ஒண்ணைத் தேடிக்கிட்டிருந்தேன். பாதி பேர் போன பிறகுதான் உறைச்சது, உனக்கு இப்ப நாப்பத்தெட்டு ஆகுமேன்னு. போனவங்களைத் திருப்பிக் கூப்பிட முடியுமா?

கடைசியில நாணு ஒரு கோணி மூட்டையோட வந்தான்.

"எங்கடா அவ?"

"யாரு அக்கா?"

"தனக்கோடிடா."

"அவங்க ஈப்போவில இருக்காங்க. இந்தாங்க ஸ்டீம்போட்." மூட்டையை என் காலடியில வெச்சான்.

முனிராஜ் ஜோலார்பேட்டை வரைக்கும் சிரிச்சிக்கிட்டே வந்தான்.

வீட்டில பிரிச்சா, பித்தளைச் சட்டி, நடுவில ஒரு குழாய் நிக்குது, குழாயைச் சுத்தி அகழி. மூடிக்கும் நடுவில ஓட்டை. கூடவே நீளக் காம்பு வெச்ச கம்பி வலைக் கரண்டி எட்டு. மருமக சரளா, "காப்பி வடிகட்டியா அத்தே?"ன்னா. முனிராஜ் கோயில் கலசம்னான். எதிர் வீட்டு பீபி வந்து பார்த்துட்டு, "சமாவார்ம்மா, டீ போடறது"ன்னு அடிச்சு சொன்னா. சரின்னு குழாயில தண்ணி ஊத்தி அகழியில கங்கு போட்டேன். ஊத்தின தண்ணி அடி ஓட்டை வழியா அடுப்பங்கரை பூரா ஓடிச்சு. உள்ளே பூசியிருந்த ஈயம் உருகி வழிஞ்சது. வீடு பூரா புகை.

வெகுதானிய வருஷம் ஆடி கடைசி ஞாயிறு நான் மறக்கலை. முனிராஜுக்குக் காது குத்து. என் மாமியார் வீட்டு ஜனம் எண்பது பேர் வாசல்ல. முனீஸ்வரனுக்குப் படைக்கிறதுக்கு முந்தியே கறிக்குழம்பை நாக்கில வெச்சுப் பார்த்துட்டு, அதே கரண்டியைத் திருப்பி அண்டாவில விட்டவ நீ. எச்சிலாக்கினே. எண்பது பேர் முன்னால அண்டாவைக் கவுத்தேன், ஆமாம். அதுக்கு நீ, "இனிமே உன் வீட்டுப் பச்சைத் தண்ணி தொட மாட்டேன்"னு சொல்லிட்டு நடந்தே. நீல ரவிக்கை போட்டிருந்தே. திரும்பிப் பார்க்கலை. அடுத்த மாசமே புருஷனோட கப்பலேறிட்டே.

வராதவ எதுக்குடி வர மாதிரி எழுதினே?

பாஞ்சாலி


ஈப்போ
27-2-1961

அன்புள்ள அக்கா,

நீ துறைமுகத்துக்கு வந்தாயா?

உன் கடிதத்தில் நாலு பக்கம். மூன்றே முக்கால் பக்கம் திட்டு. மிச்சக் கால் பக்கத்தை இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருக்கிறேன். நீ அந்தக் கரையில் நிற்பாய் என்று எனக்கு ஒரு சொல் தெரிந்திருந்தால் மூட்டைக்குப் பதிலாக நானே ஏறியிருப்பேன். நீ வரமாட்டாய் என்றுதான் முனிராஜ் பெயரை எழுதினேன்.

தப்பு என்னுடையதுதான். இங்கே ஸ்டீம்போட் என்றால் குழந்தைக்குக்கூட இந்தச் சட்டிதான். பசாரில் போய் ஸ்டீம்போட் கொடு என்றால் இதைத்தான் எடுத்துக் கொடுப்பான். இத்தனை வருஷத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருப்பதே எனக்கு மறந்துவிட்டது. நடுக்குழாயில் புகை போவதால் யாரோ கப்பல் என்று பெயர் வைத்தார்கள் போல.

நீ தலைகீழாகச் செய்துவிட்டாய். அகழியில்தான் தண்ணீர், குழாயில்தான் கங்கு. தண்ணீர் ஊற்றாமல் நெருப்பு வைக்கவே கூடாது. ஈயத்தைத் திரும்பப் பூசிக்கொள். எலும்பு வேகவைத்த சாற்றை ஊற்று. காரம் வேண்டாம், மிளகு, இஞ்சி போதும். கறி, ஈரல், கீரை, கோஸ், முட்டை, எதுவானாலும் சின்னதாக நறுக்கிப் பச்சையாகவே தட்டுகளில் வை. சமையல் அவ்வளவுதான். சமைத்து முடித்து யாரும் பரிமாறுவதில்லை. சட்டியை நடுவில் வைத்து எல்லாரும் சுற்றி உட்கார வேண்டும். அவரவர் கரண்டியில் வேண்டியதைப் போட்டு முக்கி, வெந்ததும் எடுத்துத் தின்பது. எல்லாம் முடிந்த பிறகு அந்தச் சாற்றைக் குடிப்பது. அதற்குள் எல்லார் போட்டதும் அதில் இறங்கியிருக்கும். அதுதான் ருசி.

ஒரே ஒரு தடவை செய்து பார், அக்கா.

தனம்


தொம்மலூர்
20-3-1961

தனக்கோடிக்கு,

படிச்சேன். நல்லா இருக்கு தாயீ, ரொம்ப நல்லா இருக்கு.

எட்டுப் பேர் வாயில வெச்ச கரண்டியை மாத்தி மாத்தி ஒரே சட்டியில விடணும். விட்டுட்டு அந்தத் தண்ணியையே கடைசியில குடிக்கணும். ஒரு கரண்டிக்காக ஒரு அண்டாக் குழம்பைக் கொட்டினவளுக்கு, இருபத்திரண்டு வருஷம் யோசிச்சு, எச்சில் சட்டி ஒண்ணைக் கப்பலேத்தி அனுப்பியிருக்கே. இவ்வளவு நீளமா ஒருத்தரைக் குத்த உன்னால முடியும்னு எனக்குத் தெரியாம போச்சே.

ஈயம் பூசறவன் வந்தான், பூசி பரண்ல போட்டுட்டேன். பூசினது உனக்காக இல்லை. பித்தளை வீணாகக்கூடாதுன்னு.

கடலைப் பத்தி எழுதினதை மனசுல வெச்சுக்காதே. கண்ணு கூசிச்சு, அவ்வளவுதான்.

பாஞ்சாலி


ஈப்போ
11-4-1961

அக்கா,

குத்துவதற்காக அனுப்பவில்லை. இந்தச் சட்டி எங்கிருந்து வந்தது என்று எழுதாதது என் பிசகு. இப்போது எழுதுகிறேன்.

ஜப்பான்காரன் ஆண்டபோது அரிசியைக் கண்ணால் பார்க்க முடியவில்லை. அவரைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நானும் பாகீரதியும் மட்டும். அவளுக்கு அப்போது ஐந்து வயசு, கால் இரண்டும் குச்சி. பக்கத்தில் ஆ லான் என்று ஒரு சீன அம்மாள். கட்டில் வரைக்கும் விற்றுத் தின்றுவிட்டாள், இந்தச் சட்டியை மட்டும் விற்கவில்லை. வாரம் ஒரு நாள் மத்தியானம் அதை முற்றத்தில் வைத்துக் கரி போடுவாள். ஐந்து வீட்டுக்காரர்கள் வருவோம். யாருக்கு எது கிடைத்ததோ அது. மரவள்ளிக் கிழங்கு, மரவள்ளிக் கொழுந்து, நத்தை. ஒன்றுமே கிடைக்காதவர்கள் சுள்ளி பொறுக்கி வருவார்கள்.

முதல் நாள் நான் கரண்டியைத் தொடவில்லை. உன் குரல்தான் காதில் இருந்தது. அவள் பாஷையில் எச்சிலுக்குச் சொல் இல்லை என்று நினைக்கிறேன். நான் வாயைக் காட்டி, கரண்டியைக் காட்டி, சட்டியைக் காட்டி, வேண்டாம் என்று தலையாட்டினேன். அவள் கொதிக்கிற தண்ணீரைக் காட்டினாள். அப்புறம் பாகீரதியைக் காட்டினாள்.

ஒரு நாள் யாரோ ஒரு முட்டை கொண்டுவந்தார்கள். ஒன்றே ஒன்று. நாங்கள் பதினொரு பேர். யார் கரண்டியில் அதை வைப்பது? ஆ லான் அம்மாள் அதை உடைத்துக் கொதிக்கிற சாற்றில் சுற்றி ஊற்றினாள். நூல் நூலாகப் பிரிந்து சட்டி முழுக்க ஓடியது. பதினொரு பேருக்கும் கொஞ்சம் மஞ்சள் வந்தது. எத்தனையோ கோயில் போயிருக்கிறேன், அக்கா, அப்படி ஒரு அமைதியை நான் பார்த்ததில்லை.

அவர் பாதி ஆளாகத் திரும்பி வந்தார். பாகீரதி பிழைத்தாள். ஆ லான் அம்மாள் இரண்டு வருஷம் முன்னால் மகனோடு பினாங்குக்குப் போகும்போது சட்டியை என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாள். என்னிடம் இருப்பதிலேயே பெரிசு அதுதான். பெரிசை அக்காவுக்கு அனுப்பாமல் யாருக்கு அனுப்புவது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். பாகீரதி சிங்கப்பூருக்கு வா என்கிறாள். அவள் வீட்டில் மாமனார் மாமியார், நாலு நாத்தனார். போனால் ஒரு மூலை கொடுப்பார்கள். எனக்குத் தொம்மலூர் வரத்தான் ஆசை. ஆனால் உன் வீட்டுத் தண்ணீர் தொடமாட்டேன் என்று சொன்னவள் நான். நானாக உன் வாசலில் வந்து நிற்க முடியாது. நீ கூப்பிட்டால் வருவேன். கூப்பிடாவிட்டால் ஆகஸ்டில் சிங்கப்பூர் போவேன், அதற்காக உன்மேல் வருத்தம் வராது.

தனம்


தொம்மலூர்
28-6-1961

தங்கச்சி தனக்கோடிக்கு,

ரெண்டரை மாசமா பதில் போடலை. கோவத்தில இல்லை. முட்டை சமாசாரத்தைப் படிச்சப்புறம் பேனாவைத் தொட முடியலை. பரண்ல இருந்த சட்டியை இறக்கி, புளி போட்டுத் தேய்ச்சு, அப்படியே வெச்சுப் பார்த்துக்கிட்டிருந்தேன். பதினொரு பேர் உயிர் தங்கின சட்டியில நான் கங்கைக் கொட்டி உருக்கியிருக்கேன்.

போன ஞாயித்துக்கிழமை மத்தியானம் செஞ்சேன். நல்ல மழை. ரசல் மார்க்கெட்டிலிருந்து முனிராஜ் ஆட்டெலும்பு, ஈரல் எல்லாம் வாங்கியாந்தான். இடி இடிச்சதுல எல்லையம்மன் மேட்டில காளான் கிளம்பியிருந்தது, நானே போய்ப் பறிச்சேன். தண்டுக்கீரை, கோஸ். கொத்துக்கறியைப் பொரிக்காம கோலா உருண்டையா உருட்டி வெச்சேன். சரளா இடியாப்பம் பிழிஞ்சா. முனீஸ்வரனுக்கு இலையில தனியா எடுத்து வெச்சிட்டேன். அதுல எனக்கு மாத்தம் கிடையாது.

அகழியில சாறு, குழாய்க்குள்ளே கங்கு. சரியாத்தான் செஞ்சேன், நீ ஒண்ணும் சிரிக்க வேண்டாம். தனம், தண்ணிக்கு நடுவில நெருப்பு நிக்குது! தொட்டுக்காமலே நிக்குது. நாப்பது வருஷமா அடுப்பு ஊதறேன், நெருப்பு கீழே இருக்கும், சட்டி மேலே இருக்கும், இதுதான் எனக்குத் தெரிஞ்ச உலகம். முதல்ல குழாயோரமா ஒரு முத்து கிளம்பிச்சு. பக்கத்தில இன்னொண்ணு. அப்புறம் வட்டம் பூரா கொதி. நாங்க எல்லாரும் கரண்டியைக் கையில பிடிச்சிக்கிட்டு, பூசையில உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்திருந்தோம். காளானைப் போட்டா ஒரு சுருக்கம் சுருங்கி விரியுது. ஈரல் போட்ட கையோட நிறம் மாறுது. வேகறதை நான் இவ்வளவு கிட்டத்தில பார்த்ததில்லை. எப்பவும் மூடிதானே வெச்சிருப்போம்.

இன்னொண்ணு கேளு. எங்க வீட்டில முனிராஜ் முதல்ல சாப்பிடுவான், அப்புறம் பிள்ளைங்க, அப்புறம் நான், எல்லாத்துக்கும் கடைசியா சரளா, அடுப்பங்கரையில தனியா. இதுல யாரும் பரிமாற முடியாதே. அதனால அவளும் உட்கார்ந்தா. ஏழு வருஷமா என் வீட்டில இருக்கா, அவ சாப்பிட்டு நான் பார்த்ததே இல்லைன்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சது. ஈரல்னா அவளுக்கு உசிராம். இத்தனை நாள் ஒரு துண்டு அவளுக்கு மிஞ்சியிருக்குமா? நான் வெச்சிருக்க மாட்டேன். "எடுத்துக்கோடி, எடுத்துக்கோ"ன்னேன். அவ என்னைப் பார்த்துட்டு முனிராஜைப் பார்த்தா. அவன், "நிஜமாத்தான் சொல்றாங்க, தின்னு"ன்னான்.

அப்பதான் அது நடந்தது. சின்னவ, நாலு வயசு, கோலா உருண்டையைக் கடிச்சா. "ஆயா, சுடுது!"ன்னு சொல்லி, கடிச்ச மிச்சத்தை அப்படியே சட்டியில போட்டுட்டா.

அத்தனை பேரும் என்னைப் பார்த்தாங்க. சரளா முகத்தில ரத்தம் இல்லை. பெரியவன் தட்டைத் தூக்கிக்கிட்டுப் பின்னால நகர்ந்தான். முனிராஜ் பாரு, இருபத்தெட்டு வயசு ஆம்பளை, சட்டிக்கு மேல ரெண்டு கையையும் விரிச்சுக் குறுக்கே வெச்சான். நான் தூக்கிக் கொட்டிடுவேன்னு. அன்னைக்கு அவனுக்கு அஞ்சு வயசு. காதுல ரத்தத்தோட அழுதுக்கிட்டு நின்னவன், நான் அண்டாவைக் கவுத்ததையும் பார்த்திருக்கான். ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னதில்லை.

"கையை எடுடா, சுடும்"னேன். என் கரண்டியை விட்டு அந்தக் கடிச்ச உருண்டையைத் துழாவி எடுத்தேன். தின்னேன். நல்லாத்தான் இருந்தது. ரொம்ப நல்லா இருந்தது.

இனிமே எழுதறதை நான் யார்கிட்டயும் சொன்னதில்லை. உன் மாமா சாகிற வரைக்கும் அவருக்கும் தெரியாது. நான் அந்தக் குழம்பைக் கொட்டினது எச்சிலுக்காக இல்லை. காலையிலேர்ந்து எண்பது பேருக்கு ஆலாப் பறந்ததுல ஒரு தரம் உப்பு போட்டதை மறந்து ரெண்டாம் தரமும் போட்டுட்டேன். போட்ட பிறகுதான் ஞாபகம் வந்தது. என்ன செய்யறதுன்னு தெரியாம நிக்கறேன். மாமியார் வாசப்படியில நிக்கறாங்க. நீ கரண்டியை நாக்கில வெச்சே, உன் முகம் சுருங்கிச்சு, வாயைத் திறக்கப் போனே. நீ சொல்றதுக்குள்ள எச்சில்னு கத்திட்டேன். கத்தினப்புறம் கொட்டித்தானே ஆகணும்? பழி உன் தலையில விழுந்தது. எனக்கு நல்ல பேர். பாஞ்சாலி சுத்தக்காரின்னு இன்னும் சொல்றாங்க.

இத்தனை வருஷம் உன்மேல கோவமா இருந்தது அதனாலதான். கோவத்தை விட்டா இதை நினைக்க வேண்டி வரும்.

கூப்பிட்டா வருவேன்னு எழுதியிருந்தே. கூப்பிடறேன். வீட்டுக்கு வா. சாப்பிட வா. வந்து இங்கேயே இரு.

உன் அக்கா
பாஞ்சாலி


ஈப்போ
24-7-1961

அன்புள்ள அக்கா,

நாணு அண்ணன் திரும்பி வந்துவிட்டார். உன் கடிதத்தை அவரிடம் கொடுத்துப் படிக்கச் சொன்னேன், எனக்குக் கண் தெரியவில்லை, ஒரே தண்ணீர். கடைசிப் பக்கம் வந்ததும் பிடுங்கிக்கொண்டேன்.

நீ ஒரு தரம்தான் மறந்தாய், அக்கா. நான் செய்ததைக் கேள். நீ இலை போடுவதைப் பார்க்க வாசலுக்குப் போனாய். குழம்பில் உப்பு விழுந்ததா இல்லையா என்று தெரியாமல், உனக்கு உதவியாக இருக்கட்டும் என்று நானும் ஒரு கை நிறைய அள்ளிப் போட்டேன். போட்ட அப்புறம் பயம் வந்துவிட்டது. இல்லாவிட்டால் படையலுக்கு முன்னால் ருசி பார்ப்பேனா? அது கூடாதென்று எனக்குத் தெரியாதா? நாக்கில் வைத்ததும் கண் இருட்டிவிட்டது. அவ்வளவும் நான் போட்டதுதான் என்று நினைத்தேன். உன்னிடம் சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீ எச்சில் என்று கத்தினாய். அடே, தப்பித்தோம் என்றுதான் முதலில் தோன்றியது. எச்சில் பண்ணினவள் என்ற பேர், அண்டாக் குழம்பைக் கெடுத்தவள் என்ற பேரைவிடத் தேவலை என்று, ரோஷத்தோடு நடந்துவிட்டேன். திரும்பிப் பார்த்தால் என் முகம் காட்டிக்கொடுத்துவிடும். அதனால்தான் பார்க்கவில்லை.

ஆக மூன்று தரம் உப்பு. நீ கொட்டாமல் விட்டிருந்தால் உன் மாமியார் வீட்டு எண்பது பேரும் ஏரியைக் குடித்து வற்ற வைத்திருப்பார்கள்.

இதைப் படித்து நீ என்ன செய்கிறாய் என்று இங்கிருந்தே தெரிகிறது. சிரிக்கிறாய். அடுத்த நிமிஷம், இருபத்திரண்டு வருஷமாக இவள் ஏன் சொல்லவில்லை என்று கோபம் வரும். வரட்டும். வைத்திரு, எதிரில் உட்கார்ந்து வாங்கிக்கொள்கிறேன்.

பாகீரதிக்கு எழுதிவிட்டேன். அழுதுகொண்டே பதில் போட்டாள், ஆனால் சரி என்றாள். வீட்டுச் சாவியை ஆகஸ்டு ஒன்பதாம் தேதி ஒப்படைக்கிறேன். பதினொன்றாம் தேதி பினாங்கில் கப்பல் ஏறுகிறேன்.

இதற்குப் பதில் எழுதாதே. எழுதினாலும் வாங்க நான் இங்கே இருக்கமாட்டேன்.

தனம்